ஒற்றை விரலில் நிற்கும் துரை

ஜூலை 8

தலைப்பு கொடுத்தாகிவிட்டது. வகுப்பில் பாதிப் பேர் நீர் மாசு, மீதிப் பேர் சூரிய ஒளி மின்சாரம். நான் எழுந்து "தடை தாண்டும் குதிரைப் போட்டி" என்றதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கனைப்பு. யார் என்று தெரியும். இருக்கட்டும், வைத்துக்கொள்கிறேன்.

இயற்பியல் மிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "ஒரு வருஷம் பண்ணணும். நடுவுல மாத்த முடியாது. குதிரை அழகா இருக்கும், வேகமா ஓடும்னு எழுதிட்டு வந்தா திருப்பிக் கொடுத்துடுவேன். நீ என்ன கண்டுபிடிக்கப் போற?"

"கட்டை ஏன் விழுதுன்னு, மிஸ்."

அந்த நொடியில் வாயில் வந்ததுதான். யோசித்துப் பார்த்தால் மோசமில்லை. ஒரே குதிரை, ஒரே ஆள், ஒரே உயரம். ஒரு முறை தாண்டினால் தடையின் மேல் கிடத்திய கட்டை அசையாமல் இருக்கிறது. அடுத்த முறை குளம்பு பட்டு உருண்டு விழுகிறது. ஏன்?

உண்மையான காரணத்தை மிஸ்ஸிடம் சொல்ல முடியாது. இங்கே எழுதலாம். எங்கள் வீட்டில் போன வருடத்திலிருந்து குதிரை என்ற சொல்லையே யாரும் எடுப்பதில்லை. நான் எடுக்கப் போகிறேன். மதிப்பெண்ணுக்காக என்றால் அம்மாவால் திட்ட முடியாது.

ஜூலை 9

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். அக்கா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா லிஃப்ட் மெக்கானிக். வீட்டுச் சண்டைகளில் அவருக்கு ஒரே கொள்கை: "மூடுற கதவுல நான் கை வெக்க மாட்டேன்." அவர் உப்பைக் கேட்டார்.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். அக்கா ஊர் எல்லையில் உள்ள குதிரையேற்றப் பள்ளியில் வேலை செய்கிறாள். போன வருடம் மே மாதப் போட்டியில் அவளுடைய குதிரை ஒரு தடைக்கு முன்னால் சட்டென்று நின்றுவிட்டது. அக்கா நிற்கவில்லை. குதிரை இந்தப் பக்கம், அக்கா அந்தப் பக்கம். கழுத்துக்குக் கீழே காறையெலும்பு முறிந்தது. தூக்கிக்கொண்டு போன மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள் எங்கள் அம்மா.

எலும்பு சேர்ந்ததும் அக்கா மறுபடி லாயத்துக்குக் கிளம்பினாள். அம்மா வாசலில் நின்றுகொண்டு, "போ. ஆனா குதிரையைப் பத்தி எதுவும் என் காதுல விழக் கூடாது. நான் பார்க்கவும் வரமாட்டேன்" என்றாள். அக்கா "சரி" என்றாள். இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். சாப்பிட்டியா, சாவி எங்கே, மழை வரும்போல இருக்கு — அவர்களுக்குள் இப்போது இவ்வளவுதான் பேச்சு. முன்பெல்லாம் ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். எனக்கு இடமே இருக்காது. அப்போது எரிச்சலாக வரும். இப்போது அந்த எரிச்சல்கூட வேண்டும்போல இருக்கிறது.

ஜூலை 20

லாயத்தில் எனக்கு முதல் ஞாயிறு. அக்கா காலையில் சின்னப் பிள்ளைகளுக்குக் குதிரை ஏறக் கற்றுக்கொடுக்கிறாள், லாயம் கூட்டுகிறாள். அதற்குப் பதிலாக, பள்ளியின் குதிரை ஒன்றை அவள் போட்டிக்கு ஓட்டலாம். பழுப்பு நிறம், நெற்றியில் பால் சிந்தின மாதிரி ஒரு வெள்ளை. நடையைப் பார்த்தால் இந்த லாயத்துக்கே அவன்தான் வாடகை கொடுக்கிறான் போல. அதனால் எல்லோரும் அவனைத் துரை என்கிறார்கள். போன வருடம் தடைக்கு முன்னால் நின்றுவிட்டவனும் இவன்தான்.

எனக்குக் குதிரை என்றால் பயம் என்பதை இன்றுதான் கண்டுபிடித்தேன். படத்தில் பார்ப்பது வேறு, அது நம் காதருகே மூச்சு விடுவது வேறு. வேலிக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

"ப்ராஜெக்ட் குதிரையைப் பத்தியா, வேலியைப் பத்தியா?" என்றாள் அக்கா.

வேலை இதுதான். தடைக்கு முன்னால் மணலை வாரிச் சமமாக்க வேண்டும். துரை தாண்டிப் போனதும் ஓடிப்போய், அவன் எழும்பிய குளம்புத் தடத்துக்கும் கட்டைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். மறுபடி வாரிவிட வேண்டும். மாலைக்குள் கை கொப்புளம். துரை ஒரு கேரட்டுக்குமேல் எதற்கும் மெனக்கெடவில்லை.

ஆகஸ்ட் 17

மழை. மணல் முழுக்கச் சேறு. துரை என் நோட்டின்மேல் தும்மினான்.

செப்டம்பர் 6

ஒரு தந்திரம் கண்டுபிடித்திருக்கிறேன். அம்மா துணி இஸ்திரி போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து ப்ராஜெக்டைச் சத்தமாகப் படிப்பது. அந்த நேரத்தில் அவளால் எழுந்து போக முடியாது.

இன்று விதிகள். "கட்டை விழுந்தால் நான்கு புள்ளி அபராதம். குதிரை தடைக்கு முன் நின்றுவிட்டாலும் நான்கு. ஓட்டுபவர் கீழே விழுந்தால்—" அங்கே வந்த பிறகுதான் என்ன படிக்கிறேன் என்று உறைத்தது. நிறுத்தவும் முடியவில்லை. "—போட்டியிலிருந்து வெளியேற்றப்படுவார்."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "கட்டை விழுந்தா நாலு. ஆள் விழுந்தா வெளியே. இதை எழுதினவங்க யாருக்கும் பிள்ளைங்க இல்ல போல."

கோபமாகத்தான் சொன்னாள். ஆனாலும் குதிரைப் போட்டியைப் பற்றி ஒரு வாக்கியம் பேசினாள். நான் மூச்சுக் காட்டாமல் அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

அக்டோபர் 11

அக்காவுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. ரயிலில் ஒரு இரவும் அரைப் பகலும் போக வேண்டிய ஊர். பெரிய லாயம். போட்டிக் குதிரைகளை ஓட்டச் சம்பளம் கொடுப்பார்களாம். மார்ச்சில் போக வேண்டும்.

அம்மாவிடம் சொன்ன அழகைக் கேட்க வேண்டும்.

"மார்ச்சுல வெளியூர் போறேன். வேலைக்கு."

"அங்க குளிருமா?"

"குளிரும்."

"ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போ."

முடிந்தது. எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எந்தக் குதிரை, எந்த லாயம், யாரோடு தங்குவாய் — ஒன்றும் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் இங்கே ஒரு போட்டி இருக்கிறது. துரையோடு அக்காவுக்கு அதுதான் கடைசி. அதற்கு அம்மா வர வேண்டும். வராமல் அக்கா ரயில் ஏறிவிட்டால் இந்த ஸ்வெட்டர் பேச்சே காலத்துக்கும் நிலைத்துவிடும். மதிப்பெண் எப்படியும் வந்துவிடும். இந்த வருடம் எனக்கு வேண்டியது இது ஒன்றுதான்.

அக்டோபர் 12

அக்காவிடம் கேட்டேன், நீயே கூப்பிடேன் என்று. "வரமாட்டேன்னு சொன்னது அவங்க. அவங்களா வரட்டும்."

அம்மாவிடம் கேட்டேன். "கூப்பிட வேண்டியவ கூப்பிடலையே."

ரெண்டும் ஒரே அச்சு. நடுவுல நான் கிடந்து அல்லாடறேன்.

நவம்பர் 15

இன்றைக்கு நடந்ததை ஒரு வரி விடாமல் எழுத வேண்டும்.

தாண்டி இறங்கும்போது முன்னங்கால் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று ஒரு பகுதி சேர்க்கச் சொல்லியிருந்தார் மிஸ். லாயத்துக்கு வரும் கால்நடை மருத்துவரிடம் கேட்டதற்கு, துரையின் முன்னங்காலை எப்போதோ எடுத்த எக்ஸ்ரே படங்களைக் கொடுத்தார். எனக்கு அதில் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அம்மா டியூட்டி முடிந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை. நான் படத்தை மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அவளால் சும்மா இருக்க முடியவில்லை. எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "எடுத்தவன் கோணத்தைக் கொஞ்சம் விட்டுட்டான்" என்றாள். பிறகு, "இதை முட்டின்னா சொல்றாங்க?"

"ஆமாம்மா."

"முட்டி இல்லடி. மணிக்கட்டு. இங்க பாரு, சின்னச் சின்ன எலும்பா ரெண்டு வரிசை. நம்ம கையில இருக்கற மாதிரியே." தன் கையையே படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். விரல் கீழே இறங்கியது. "இது உள்ளங்கை. இது நடுவிரல். மத்த விரலெல்லாம் காணோம். இது நகம் — அதான் குளம்பு." படத்தைக் கண்ணுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனாள். "அப்போ இவன் ஒத்தை விரல்ல நிக்கிறானா?"

"தாண்டி இறங்கும்போது முதல்ல ஒரே ஒரு முன்னங்கால்தான் தரையில படும்மா. அக்காவையும் சேர்த்து மொத்தப் பாரமும் அந்த ஒத்தைக் கால்ல."

"ஒத்தை விரல்ல" என்று திருத்தினாள்.

படத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, என்னிடம் சொல்கிற மாதிரியும் இல்லாமல், "பாவம், அவனுக்கும் பயமா இருந்திருக்கும். அதான் நின்னுட்டான்" என்றாள்.

ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டில் துரை குற்றவாளி. இன்று அம்மா அவனை விட்டுவிட்டாள்.

நவம்பர் 16

படத்தை அம்மா ஜன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள், எனக்குப் பார்த்து வரைய வசதியாக. அக்கா வேலையிலிருந்து வந்து அதன் முன்னால் நின்றாள். "யாரு ஒட்டினது?" என்றாள். சொன்னேன். முகம் கழுவப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

டிசம்பர் 20

காய்ச்சல். அம்மா விடுப்புப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் கேட்டால் எதையும் கேட்கலாம் என்ற தைரியத்தில், "அன்னிக்கு அக்காவுக்கு எக்ஸ்ரே நீயே ஏம்மா எடுத்த? வேற யாரும் இல்லையா?" என்று கேட்டேன்.

நெற்றித் துணியைத் திருப்பிப் போட்டாள். "இருந்தாங்க. நான்தான் விடல. வேற யாராவது அவ கையைப் பிடிச்சுத் தூக்கினா வலிக்கும்னு." கொஞ்சம் கழித்து, "முதல் படத்துல தோள்பட்டை பாதி வெட்டுப்பட்டுப் போச்சு. எனக்கு அந்த மாதிரி ஆனதே இல்ல. மறுபடியும் அவளை நகர்த்த வேண்டியதாப் போச்சு. அப்ப அவ கத்தல. என்னைப் பார்த்து, பரவாயில்லம்மான்னா. அதைத்தான் என்னால தாங்க முடியல."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அழுதது காய்ச்சலால் என்று நினைத்திருப்பாள்.

ஜனவரி 25

கட்டை ஏன் விழுகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். கிட்டத்தட்ட.

எழும்பும் இடம் தடைக்கு ரொம்ப நெருங்கிப் போனால் முன்னங்கால் மடங்க நேரமில்லை, குளம்பு தட்டிவிடுகிறது. இதை அளவுகளே சொல்கின்றன. ஏன் நெருங்குகிறது என்பதை, நான் போனில் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது பிடித்தேன். தடைக்கு முன்னால் அக்கா கடிவாளத்தைச் சின்னதாக ஒரு இழுப்பு இழுக்கிறாள். எல்லாத் தடவையும் இல்லை. இழுத்தபோதெல்லாம் துரை குழம்பிவிடுகிறான். போகட்டுமா, நிற்கட்டுமா?

அக்காவிடம் காட்டினேன். வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து இரண்டு முறை பார்த்தாள். "தெரியும்" என்றாள். "அந்த இடம் வந்ததும் அம்மா முகம் வருது. விழுந்தா மறுபடியும் அவங்கதானே எக்ஸ்ரே எடுக்கணும்."

இதை எந்த அத்தியாயத்தில் எழுதுவது?

பிப்ரவரி 8

அம்மாவிடம் கடைசியாக ஒரு முறை. போட்டியில் இரண்டு மூலையிலிருந்து படம் பிடிக்க வேண்டும், எனக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்றேன். பொய்யில்லை.

"வேற ஆளப் பாரு."

பிப்ரவரி 14

நாளைக்கு. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 15

எங்கே ஆரம்பிப்பது?

அக்கா விடியுமுன்னே போய்விட்டாள். நான் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால் அம்மா ஷூ மாட்டிக்கொண்டு நிற்கிறாள். "படம் பிடிக்க ஆள் வேணும்னியே, கிடைச்சாங்களா?" என்றாள். இல்லை என்றேன். "சரி, நட." பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். தான் வந்திருப்பதை அக்காவிடம் சொல்லாதே என்று மட்டும் இரண்டு முறை சொன்னாள்.

எந்தத் தடையை எந்த வரிசையில் தாண்டுவது என்பது போட்டியன்று காலையில்தான் தெரியும். வரைபடம் ஒன்றை வாசலில் ஒட்டுவார்கள். ஓட்டுபவர்கள் களத்துக்குள் நடந்து பார்த்து மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். எப்போது எங்கே படம் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே, அதனால் அம்மாவும் வரைபடத்தின் முன்னால் நின்றாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. "பச்சை, மஞ்சள், பூத்தொட்டி, நீலம், அப்புறம் இரட்டைத் தடை, இடது பக்கம் திரும்பி செங்கல் சுவர்..." டியூட்டிச் சீட்டை மனப்பாடம் செய்கிறவள் மாதிரி. அவளை ஒரு மூலையில் நிறுத்திவிட்டு நான் எதிர் மூலைக்குப் போனேன்.

அக்கா உள்ளே வந்தாள். மணி அடித்தது. பச்சை, மஞ்சள், பூத்தொட்டி. கட்டை ஒன்றுகூட அசையவில்லை. கடிவாள இழுப்பும் இல்லை. எனக்குக் கண்ணாடி போட்ட மாதிரித் தெளிவாகத் தெரிந்தது, இழுப்பே இல்லை. நீலம். இரட்டை. அதன் பிறகு, ஐயோ, வலது பக்கம் திரும்புகிறாள். அங்கே இருப்பது கடைசியில் வர வேண்டிய வெள்ளைத் தடை. மறந்துவிட்டாள். அதைத் தாண்டினால் அத்தோடு போச்சு.

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். வெளியிலிருந்து யாரும் வழி சொல்லக் கூடாது. சொன்னால் ஆட்டம் முடிந்தது. ஓட்டுகிறவர் தானாக நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த விதியை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டியதே இல்லை. அது விதிப்புத்தகத்தின் பின்பாதியில் இருந்தது. அதற்குள் இஸ்திரி முடிந்துவிட்டது.

"அங்க இல்லடி! இடது பக்கம்! சுவர், சுவர்!"

மைதானம் முழுக்கக் கேட்டது. வார்டு கடைசி வரை கேட்கிற அதே குரல். துரையின் காதுகள் இரண்டும் அந்தப் பக்கம் திரும்பின. அக்கா யோசிக்கக்கூட இல்லை. பிறந்ததிலிருந்து அந்தக் குரலுக்குத் திரும்பியவள், திரும்பிவிட்டாள். இடது பக்கம் வளைந்து, நேராகச் சுவரைப் பார்த்து வந்து, அவள் தாண்டி நான் பார்த்ததிலேயே அழகான தாண்டல் அது. சுவருக்கும் குளம்புக்கும் நடுவில் என் கை போயிருக்கும்.

இறங்கியதும் மணி அடித்தது. வெளியே.

அக்கா துரையை நிறுத்திவிட்டு வேலிப் பக்கம் பார்த்தாள். அப்போதுதான் உண்மையிலேயே பார்த்தாள் என்று நினைக்கிறேன். அம்மா போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப எதுக்கு மணி அடிச்சாங்க? சரியாத்தானே தாண்டினா?" நான் ஓடிப்போய் விதியைச் சொன்னேன். அம்மாவின் முகம் செத்துவிட்டது. நான் பிடிப்பதற்குள் நேராக நடுவர் மேஜைக்குப் போய்விட்டாள். "சார், அவ மேல தப்பில்ல. கத்தினது நான். என்னை வெளியே அனுப்புங்க, அவளை விட்டுடுங்க."

நடுவர் தொப்பியைக் கழற்றினார். "உங்களை அனுப்ப எனக்கு விதி இல்லம்மா. அவங்களை அனுப்பத்தான் இருக்கு."

அக்கா வந்துவிட்டாள், ஹெல்மெட்டோடு, துரையைப் பிடித்துக்கொண்டு. சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை, இரண்டும்தான். "சாப்பிட்டியா தவிர ஒரு வார்த்தை கேட்டதில்ல. இத்தனை நாள் கழிச்சு வாயைத் திறந்து என்னை ஆட்டத்தை விட்டே அனுப்பிட்டாங்க."

"மன்னிச்சுக்கோடி. தெரியாம—"

"பரவாயில்லம்மா" என்றாள் அக்கா.

அம்மா அழுதாள். எல்லோர் முன்னாலும். பிறகு கையை நீட்டி அக்காவின் கோட்டுக் காலரை விலக்கி, எலும்பு சேர்ந்த இடத்தில் இருக்கும் மேட்டை விரலால் தடவினாள். படத்தில் எத்தனையோ முறை பார்த்திருப்பாள். தொட்டது இன்றுதான். "நல்லாத்தான் கூடியிருக்கு" என்றாள். துரை இரண்டு பேருக்கும் நடுவில் மூக்கை நுழைத்து அம்மாவின் பையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தான்.

பிப்ரவரி 16

அம்மா எடுத்த வீடியோ: கொஞ்சம் மணல், அவளுடைய ஷூ, வானம், ஒரு கத்தல். ப்ராஜெக்டுக்கு உதவாது. அழிக்க மாட்டேன்.

மார்ச் 7

ப்ராஜெக்ட் நேர்முகம்.

"கட்டை ஏன் விழுதுன்னு கண்டுபிடிச்சியா?"

"எழும்புற இடம் நெருங்கிப் போனா விழுது, மிஸ்."

"ஏன் நெருங்குது?"

"ஓட்டுறவங்க மனசுல கவலை இருந்தா, மிஸ்."

"அளந்தியா?"

"இல்ல, மிஸ்."

"அப்போ அதை மேற்கொண்டு ஆராய வேண்டியவைன்னு கடைசிப் பக்கத்துல போடு." சிரிக்காமல்தான் சொன்னார். மதிப்பெண் நன்றாகத்தான் வரும்போல. வெளியே வந்ததும் கடைசி பெஞ்சுக்காரன் மறுபடி கனைத்தான். நான் பதிலுக்குக் கனைத்தேன். ஒரு வருடப் பயிற்சி. பயந்துவிட்டான்.

மார்ச் 14

அக்கா ரயில் ஏறிவிட்டாள். முந்தின நாள் அம்மாவும் அவளும் ஒரே போர்வைக்குள். புது லாயத்தில் மணல் எப்படி, குதிரைக்கு என்ன வயசு, விழுந்தால் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா, அங்கே எக்ஸ்ரே எடுப்பவர் ஒழுங்கானவரா — அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குப் படுக்க இடமே இல்லை. சோபாவில் படுத்தேன், நன்றாகத் தூங்கினேன்.

பெட்டியில் ஸ்வெட்டர் வைக்க இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள்.

மே 10

பரீட்சை நெருங்குவதால் என்னை விட்டுவிட்டு அம்மா மட்டும் போயிருக்கிறாள், அத்தனை தூரம் தனியாக ரயிலில். புது ஊரில் அக்காவுக்கு இன்று முதல் போட்டி. அம்மா இதற்காக மூன்று வாரமாக மற்றவர்களின் டியூட்டியையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

மதியம் அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. லாயத்தில் வேலை செய்யும் பெண் எடுத்ததாம். அதில் குதிரை இல்லை, அக்கா இல்லை, தடையும் இல்லை. பார்வையாளர் வரிசையில் அம்மா மட்டும், வாயை இரண்டு கையாலும் இறுகப் பொத்திக்கொண்டு, கண்ணை அகலத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கீழே அக்கா எழுதியிருந்தாள்: "ஒரு கட்டை விழுந்தது. அப்பவும் சத்தமே வரல."

அப்பாவிடம் காட்டினேன். போனைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"மூச்சு விடறாளான்னு கேளு" என்றார்.